உடைந்த டிராக் ரேஸ் எஞ்சினை மீண்டும் கட்டுவது எப்படி

கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்க்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்தில் எஞ்சின் முழு விசையுடன் உழைப்பது சில நொடிகள்தாம். அந்தச் சில நொடிகளில் அது தாங்கும் சுமையைச் சாலையில் ஓடும் எஞ்சின் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, நிமிடத்துக்கு 8000 சுற்றில் சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 27 மீட்டருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது இருமுறை முற்றாக நின்று, திசை மாறி, மறுபடி ஓட வேண்டும். இப்படி உழைக்கும் பாகங்களில் ஏதோ ஒன்று என்றாவது உடையத்தான் செய்யும். உடைந்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் ஒரே எஞ்சினைப் பல பருவங்கள் ஓட்டுபவருக்கும், ஒரே பழுதுக்கு மூன்று முறை செலவழிப்பவருக்கும் வேறுபாடு தெரிகிறது.

இங்கே சொல்லப்படுபவை பெட்ரோலிலோ மெத்தனாலிலோ ஓடும், வால்வுகளை நீண்ட தண்டுகள் வழியே அசைக்கும் புஷ் ராடு வகை வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நைட்ரோமீத்தேனில் ஓடும் உச்சப் பிரிவு எஞ்சின்களை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பிரித்து, நல்ல நிலையில் இருக்கும் பாகங்களையும்கூடக் கணக்குப்படி மாற்றிவிடுவார்கள். அது வேறு வழக்கம். கீழே வரும் அளவுகள் பட்டறைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் தொடக்க அளவுகள். உங்கள் பிஸ்டன், பேரிங், போல்ட் ஆகியவற்றைச் செய்தவர் தந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே செல்லும்.

சத்தம் கேட்ட நொடியிலிருந்து

வழக்கத்துக்கு மாறான சத்தமோ, ஆயில் அழுத்தத்தில் திடீர்ச் சரிவோ, புகையோ தெரிந்தால் இக்னிஷனை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டு நிறுத்த வேண்டும். நின்றபின் "ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே" என்ற ஆசைதான் மிகப் பெரிய செலவைக் கொண்டுவருவது. வளைந்த வால்வோடு நின்றிருந்த எஞ்சின் அந்த ஒரு ஸ்டார்ட்டில் பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் சேர்த்து இழந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, கிராங்கின் முன் போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டுக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். எங்காவது தடுத்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்த வேலை கருவிப்பெட்டியில் இல்லை. அளவுகளைத் தானே பதிவுசெய்யும் டேட்டா லாகர் இருந்தால் அந்த ஓட்டத்தின் பதிவை உடனே நகலெடுத்துப் பாதுகாக்க வேண்டும். சுற்று வேகம், ஆயில் அழுத்தம், எரிபொருள் அழுத்தம், ஒவ்வொரு சிலிண்டரின் புகைபோக்கி வெப்பம், பேட்டரி வோல்ட் ஆகியவற்றின் கோடுகளில் எது முதலில் நடந்தது என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ஆயில் அழுத்தம் விழுந்த பிறகு சத்தம் வந்ததா, சத்தம் வந்த பிறகு அழுத்தம் விழுந்ததா என்ற ஒரே கேள்வி பேரிங்கையும் ராடையும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பிரித்துக் காட்டிவிடும். ஒரு சிலிண்டரின் வெப்பம் மட்டும் மற்றவற்றைவிட மேலே போயிருந்தால் அதன் இன்ஜெக்டரோ ஜெட்டோ அடைத்திருக்கலாம். லாகர் இல்லாதவர்கள், ஓட்டுநர் இறங்கியவுடன் அவர் கண்டதையும் கேட்டதையும் அவர் சொல்லிலேயே எழுதி வைக்க வேண்டும். மாலைக்குள் அந்த நினைவு மற்றவர்களின் கருத்துகளோடு கலந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடும் இரண்டு நேரங்கள் உண்டு. முதலாவது, முடிவுக்கோட்டைத் தாண்டித் திராட்டிலை மூடும் கணம். எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனை மேலிருந்து தாங்கிப் பிடிக்காத அந்த நிலையில், உச்சிக்குப் போன பிஸ்டனைத் திருப்பி இழுக்கும் முழுச் சுமையும் ராடு போல்ட்டுகளின் மேல் விழுகிறது. இரண்டாவது, அதன்பின் பிரேக்கும் பாராசூட்டும் பிடிக்கும் நேரம். சம்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில், உள்ள ஆயில் முன்பக்கம் ஓடிவிட, பின்பக்கம் வைத்திருக்கும் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது. ஆகவே ஓட்டம் நன்றாக முடிந்ததே என்று எண்ணிப் பதிவின் கடைசிப் பகுதியை ஒதுக்கிவிடக் கூடாது.

திறப்பதற்கு முன்

ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதற்கென உள்ள வெட்டுக் கருவியால் வெட்ட வேண்டும். இரும்பு அறுக்கும் வாளால் வெட்டினால் வாளின் தூளே உள்ளே விழுந்து குழப்பும். தாள் மடிப்புகளை விரித்து, வைஸில் பிழிந்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் கேம் (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு), லிஃப்டர் (கேமின் மேல் ஓடிப் புஷ் ராடைத் தூக்கும் பாகம்), டைமிங் செயின் போன்ற எஃகுப் பாகங்களிலிருந்து வந்தது. மெல்லிய ஊசி போன்ற துண்டுகள் ரோலர் லிஃப்டரின் ஊசி பேரிங் சிதைந்ததைச் சொல்லும். காந்தத்தில் ஒட்டாத சாம்பல் நிறச் செதில் பேரிங்கின் மேல்பூச்சு, செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் அடுக்கைத் தாண்டி உள்ளே போய்விட்டது, வெளிர்நிறத்தில் பளபளப்பது பிஸ்டனின் அலுமினியம். பொன்னிறத் தூளைக் கண்டவுடன் பேரிங் என்று முடிவுகட்ட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரில் வெண்கலப் பல்சக்கரம் வைத்திருந்தால் அது தேய்ந்தும் அப்படி வரும்.

பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி, வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். அதன்மேல் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகளோ மினுங்கும் அலுமினியப் புள்ளிகளோ இருந்தால் அங்கே நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது, நடந்திருக்கிறது. பிறகு லீக்-டவுன் சோதனை செய்யுங்கள். பிஸ்டனை, இரு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி அழுத்தக் காற்றைச் செலுத்தும்போது கசிவின் விழுக்காட்டைவிட அது எங்கே போகிறது என்பதே பயனுள்ளது. இன்டேக் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, புகைபோக்கியில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டனைச் சுற்றிய ரிங் அல்லது பிஸ்டன், பக்கத்துச் சிலிண்டரிலோ ரேடியேட்டரில் குமிழியாகவோ வந்தால் சிலிண்டர் மூடியான ஹெட்டின் அடியிலுள்ள கேஸ்கெட் என்று கொள்ளலாம்.

பிரிக்கும் முறை

எஞ்சினைப் பிரிப்பவர் பாகங்களைத் துடைத்துவிடும் ஆவலை அடக்க வேண்டும். கரி படிந்த விதம், ஆயில் காய்ந்த இடம், நீலம் பாய்ந்த உலோகம் எல்லாமே தடயங்கள். ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் சிலிண்டர் எண்ணை எழுதி, இருந்த வரிசையிலேயே பலகையில் அடுக்குங்கள். பேரிங்கின் இரு பாதிகளான ஓடுகளின் பின்புறத்தில் அழியாத பேனாவால் எண்ணையும், மேலா கீழா என்பதையும் குறிக்க வேண்டும். கிராங்கைப் பிளாக்கில் பிடிக்கும் மெயின் கேப்களும், ராடைக் கிராங்கில் பூட்டும் ராடு கேப்களும் தத்தம் இடத்துக்கே உரியவை; இடம் மாறினால் துளையின் வட்டம் கெட்டுவிடும். எண் பொறிக்கப்படாதவை இருந்தால் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

ஹெட் போல்ட்டுகளை இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஹெட்டைத் தூக்கியதும், பிஸ்டன்களை வெளியே எடுப்பதற்கு முன், ஒவ்வொன்றையும் உச்சிக்குக் கொண்டுவந்து பிளாக்கின் மேல்தளத்திலிருந்து அது எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. எரிபொருள் திரவமாகத் தேங்கிய சிலிண்டரோடு ஸ்டார்ட் செய்யப்பட்ட மெத்தனால் எஞ்சின்களில் இது அரிதன்று. கண்ணுக்கு நேராகத் தெரியும் ராடு அளவில் மாட்டிக்கொள்ளும்.

முதலில் உடைந்தது எது

இந்த வேலையின் நடுப்பகுதி இதுதான். மிக மோசமாகச் சிதைந்து கிடக்கும் பாகமே குற்றவாளி என்று நம்புவது இயல்பு, ஆனால் பெரும்பாலும் தவறு. முதலில் உடைந்த பாகம் ஒரே முறிவோடு ஒதுங்கிக் கிடக்க, அதன் துண்டுகளிடம் அடிவாங்கிய பாகமே தூள்தூளாகியிருக்கும். பிளாக்கில் துளையிட்டு வெளியே வந்த ராடைக் கையில் வைத்துக்கொண்டு ராடைத் திட்டுவதில் பயனில்லை.

முறிந்த முகங்களைக் கழுவாமல், ஒன்றோடொன்று உரசவிடாமல், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பலநாள் சோர்வினால் வளர்ந்த விரிசல் வழவழப்பான பரப்பாகவும், கடல் அலை மணலில் விட்டுச்சென்ற கோடுகள் போன்ற வளைவுகளுடனும், ஒரு புள்ளியிலிருந்து தொடங்கியதாகவும் தெரியும். மிச்சமிருந்த உலோகம் தாங்க முடியாமல் ஒரே அடியில் பிரிந்த பகுதி கரடுமுரடாக இருக்கும். உடைந்து கிடக்கும் ஐந்து பாகங்களில் நான்கு முற்றிலும் கரடுமுரடாகவும் ஒன்றில் மட்டும் அலைக்கோடுகளும் இருந்தால், தேடல் அந்த ஒன்றில் முடிகிறது. கோடுகள் தொடங்கும் புள்ளியில் ஒரு கீறலோ, கருவி பட்ட வடுவோ, பொறித்த எண்ணின் அடியோ இருப்பதைப் பலமுறை காணலாம்.

பேரிங் ஓடுகள் தனிமொழி பேசுபவை. ராடின் பக்கம் உள்ள மேல் ஓடு எரிதலின் அடியை வாங்குகிறது, கேப்பின் பக்கம் உள்ள கீழ் ஓடு சுழற்சியின் இழுப்பை வாங்குகிறது. ஆகவே எல்லா ராடுகளிலும் மேல் ஓடு நசுங்கித் தேய்ந்திருந்தால் நாக்கிங், தீப்பொறியை அளவுக்கு மீறி முன்தள்ளிய டைமிங், அளவு மீறிய நைட்ரஸ் (கூடுதல் ஆக்ஸிஜன் தரும் வாயு) அல்லது பூஸ்ட் (அழுத்தி ஏற்றும் காற்று) என்று தேட வேண்டும். கீழ் ஓடுகள் தேய்ந்திருந்தால் எஞ்சின் தாங்கும் சுற்றைத் தாண்டிச் சுழன்றிருக்கிறது. இழுப்பு விசை சுற்று வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறுவது; 7000 சுற்றிலிருந்து 8500-க்குப் போனால் சுற்று கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், விசையோ ஏறத்தாழ 47 விழுக்காடு கூடிவிடும். அப்படிச் சுற்று எகிறியதற்கு எஞ்சின் காரணமாக இல்லாமலும் போகலாம். ஆக்ஸில் முறிந்து, சுமையற்றுப் போன எஞ்சினின் சுற்று வானத்துக்கு எகிறியிருக்கலாம், அல்லது கியர் விழாமல் போயிருக்கலாம். அப்படியானால் எஞ்சினைக் கட்டுவதற்கு முன், விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ்லைனைப் பார்க்க வேண்டும்.

ஓடு ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம் அல்லது ஜர்னல் (பேரிங்கினுள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதி) சரிவாக அரைக்கப்பட்டிருக்கலாம். ஓட்டின் பின்புறம் பளபளத்தோ கருகியோ இருந்தால் அது தன் இருக்கையில் அசைந்திருக்கிறது. துளை பெரிதாகிவிட்டதா என்று அளக்க வேண்டும். ஒரே ராடின் பேரிங் மட்டும் எரிந்து மற்றவை புதிதுபோல் இருந்தால் அந்த ஜர்னலுக்கு ஆயில் வரும் வழியில் தடை இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லாமே ஒருசேரக் கெட்டிருந்தால் பம்ப், உறிஞ்சுகுழாய், அல்லது மெத்தனால் கலந்து நீர்த்துப்போன ஆயில் என்று பொதுக் காரணத்துக்குப் போக வேண்டும். கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் அதன் காரணம் எஞ்சினுக்குள் இருப்பதைவிடப் பின்னால் டார்க் கன்வர்ட்டரிலோ கிளட்ச்சிலோ இருப்பதே வழக்கம்.

பிஸ்டனில் நாக்கிங்கின் அடையாளம் தலையின் ஓரம் மணலால் அரித்ததுபோல் குழிந்திருப்பதும் ரிங்குகளுக்கு இடையிலான விளிம்பு உடைந்திருப்பதும் ஆகும். தலையின் நடுவில் உருகித் துளை விழுந்திருந்தால் தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டிருக்கிறது. பிளக்கின் வெப்ப எண், கூர்மையான விளிம்புகள், கனன்று நிற்கும் கரி ஆகியவற்றை ஆராய வேண்டும். எக்ஸாஸ்ட் பக்க ஓரம் கரைந்திருந்தால் எரிபொருள் பற்றாக்குறையை முதலில் சந்தேகியுங்கள். ரிங்கின் இரு முனைகளும் கண்ணாடிபோல் மினுங்கினால் சூட்டில் அவை ஒன்றையொன்று முட்டியிருக்கின்றன. ரிங் விரிய இடமில்லாமல் பிஸ்டனின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால், தவறு முந்தைய முறை எஞ்சினைக் கட்டியவருடையது. அவர் நாமாகவே இருந்தாலும் அதைக் குறிப்பேட்டில் எழுதத்தான் வேண்டும்.

வால்வு விழுந்த எஞ்சினில் பார்க்க வேண்டியது விழாத வால்வுகளை. மற்ற பிஸ்டன்களின் தலையிலும் வால்வு தொட்ட பிறைவடுக்கள் இருந்து, புஷ் ராடுகளைத் தட்டையான கண்ணாடியில் உருட்டும்போது பல வளைந்திருந்தால், எஞ்சின் முழுதும் வால்வு ஸ்பிரிங்கின் கட்டுப்பாட்டை மீறியிருக்கிறது. ஸ்பிரிங்குகள் சோர்ந்திருக்கலாம், அல்லது சுற்று எகிறியிருக்கலாம். ஒரே சிலிண்டரில் மட்டும் சேதம் என்றால் அந்த இடத்து ஸ்பிரிங், ரீட்டெய்னர், லாக், ராக்கர், லிஃப்டர் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

காரணம் தெரியவில்லை என்றால் புதுப் பாகங்களை வாங்காமல் நிறுத்திவைப்பதே என் பழக்கம். பந்தய நாள் நெருங்குகிறது என்பது காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதற்குச் சமம் ஆகாது.

எதை வைத்துக்கொள்வது

உடைந்த சிலிண்டரின் பாகங்களைத் தூக்கிப்போடுவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. சிக்கல் உடையாத மற்ற ஏழு சிலிண்டர்களில் இருக்கிறது. ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே எண்ணிக்கை ஓட்டம் ஓடிய ராடு போல்ட்டுகளில் ஒன்று சோர்வினால் முறிந்திருந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்றே பொருள். ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் புதிதாக இருந்தபோது எழுதி வைத்திருந்தால், இப்போது தளர்த்தி அளந்து, 0.001 அங்குலமோ (0.025 மி.மீ.) அதற்கு மேலோ நிலையாக நீண்டுவிட்டவற்றை மாற்றலாம். எழுதி வைக்காதவர்கள் முழு செட்டையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அலுமினிய ராடுகள் அடியை உள்வாங்கி கிராங்கைக் காப்பாற்றுபவை, ஆனால் ஓட்டக் கணக்கில் ஆயுள் கொண்டவை. ஆயுள் முடிந்தவற்றை அழகாக இருக்கின்றன என்பதற்காக மீண்டும் போட வேண்டாம்.

கிராங்க், எஃகு ராடு, கேம் ஆகியவற்றைக் காந்தத்துகள் சோதனைக்கும், அலுமினிய ஹெட், அலுமினிய ராடு போன்றவற்றைச் சாய ஊடுருவல் சோதனைக்கும் அனுப்புங்கள். கிராங்கில் ஜர்னல் முடிந்து கன்னம் தொடங்கும் வளைவிலும் ஆயில் துளையின் ஓரத்திலும் விரிசல் ஒளிந்திருக்கும். கிராங்கை வி-பிளாக்குகளில் வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜால் வளைவையும் பார்க்க வேண்டும். ஜர்னல் கீறியிருந்தால் 0.010 அல்லது 0.020 அங்குலம் அரைத்து அதற்கேற்ற பேரிங் போடலாம். அப்போது அந்த மூலை வளைவின் ஆரம் குறையக் கூடாது என்பதை அரைப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். மேற்பரப்பைக் கடினமாக்கும் நைட்ரைடிங் செய்த கிராங்கானால் அரைத்தபின் அந்தப் பதப்படுத்தலைத் திரும்பச் செய்ய வேண்டுமா என்றும் கேளுங்கள். வெல்டிங் வைத்து மீட்ட கிராங்கைப் பந்தய எஞ்சினில் நான் போடமாட்டேன். விரிசல் கண்ட கிராங்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

வால்வு ஸ்பிரிங்குகளைச் சோதனைக் கருவியில் அழுத்திப் பார்த்து, புதிதாக இருந்தபோது காட்டிய விசையில் 10 விழுக்காடு இழந்தவற்றை ஒதுக்கலாம். விழுந்த வால்வு அடித்த ஹெட்டை அழுத்தச் சோதனை செய்து, கைடையும் சீட்டையும் மாற்ற வேண்டும். எரிஅறையின் குழிகளை வெல்டிங் வைத்து நிரப்பலாம், ஆனால் சூடுபட்ட அலுமினியம் மென்மையாகிவிடுவதால் சேதம் பெரிதானால் வேறு ஹெட் வாங்குவதே சிக்கனம்.

பிளாக்கும் இயந்திர வேலையும்

ராடு சிலிண்டர் சுவரை உடைத்திருந்தால் வார்ப்பிரும்பு பிளாக்கில் அந்த ஒரு சிலிண்டரைப் போரிங் செய்து, அதாவது துளையைப் பெரிதாக்கி, ஸ்லீவ் என்னும் புதுக் குழலை இறக்கலாம். ஸ்லீவ் கீழே நழுவாதபடி அடியில் ஒரு படி விடப்பட வேண்டும். ஸ்லீவ் இறக்கும்போது பக்கத்துச் சிலிண்டர்களும் சற்றே நெளியும் என்பதால், மேல்தளத்தைச் சீவி, எல்லாச் சிலிண்டர்களையும் மறுபடி அளக்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. மீந்த சுவரின் தடிப்பை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்த பிறகே போரிங் பற்றிப் பேச வேண்டும்.

சிலிண்டர் சுவரைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்க்கும் ஹோனிங்கைத் தடித்த இரும்புத் தகடு ஒன்றை ஹெட்டுக்குப் பதிலாக அதே கேஸ்கெட், அதே இறுக்கத்துடன் பொருத்திச் செய்ய வேண்டும். ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் நெளிவது உண்மை. அந்த நெளிவோடு வட்டமாக ஹோன் செய்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். கிராங்க் பலமாகத் துள்ளிய எஞ்சினில் மெயின் துளைகளின் நேர்க்கோட்டையும் சோதித்து, தேவையானால் லைன் ஹோனிங் செய்ய வேண்டும். அப்போது கிராங்க் கேமுக்கு மிகச் சிறிது நெருங்குவதால் டைமிங் செயின் தொங்கலாம்.

புது பிஸ்டனோ ராடோ பழையதன் எடையில் இல்லாவிட்டால் முழுத் தொகுதியையும் மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். "ஒரே ஒரு பிஸ்டன்தானே" என்பது இங்கே செல்லாது.

கழுவுதல்

இரண்டாவது முறை எரியும் பேரிங்குகளில் பெரும்பங்கு முதல் பழுதின் குப்பையால் எரிபவை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பேரிங் துகள் ஆயில் போன இடமெல்லாம் போயிருக்கும், ஆயில் போகாத இடம் எஞ்சினில் குறைவு.

பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள ஆயில் வழிகளின் அடைப்புகளை எல்லாம் கழற்றி, நீண்ட தூரிகைகளை உள்ளே செலுத்தித் தேய்த்து, அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். ஹோனிங் செய்த சிலிண்டரைக் கரைப்பானால் மட்டும் கழுவினால் கல்தூள் துளைகளிலேயே தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்து, உடனே உலர்த்தி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை வேலை முடியவில்லை. ஆயில் பம்பைப் பிரித்துப் பல்சக்கரங்களைப் பார்த்து, அழுத்தத் தளர்வு வால்வைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு துகள் அதைத் திறந்தநிலையில் பிடித்துவைத்தால் புது எஞ்சினுக்கு அழுத்தமே வராது. குழாய்களையும், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் ஆனால் அந்தத் தொட்டியையும், கழுவிக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். ஆயில் கூலரை மட்டும் கழுவ முயலாமல் மாற்றிவிடுங்கள். அதன் மெல்லிய வழிகளில் ஒளிந்த துகளை எந்தக் கழுவலும் முழுதாக வெளியேற்றாது.

வால்வு உடைந்திருந்தால் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். சிதறிய துண்டுகள் இன்டேக் வாய் வழியே மேலேறி, அடுத்த ஸ்டார்ட்டில் நல்ல சிலிண்டருக்குள் விழுவது நடக்கக்கூடியது. டர்போ உள்ள எஞ்சினில் புகைபோக்கி வழியே போன துண்டு டர்பைன் இதழ்களை என்ன செய்தது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கட்டுதல்

பேரிங் இடைவெளிக்கு ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.001 அங்குலம் என்பது பழைய கணக்கு. பந்தய எஞ்சினுக்கு அதன்மேல் 0.0005 சேர்ப்பார்கள். 2.200 அங்குல ராடு ஜர்னலுக்கு 0.0022 முதல் 0.0027 அங்குலம் என்று வரும். ஜர்னலை மைக்ரோமீட்டராலும், கேப்பை முழு இறுக்கத்தில் பூட்டிய பேரிங்கைத் துளை அளக்கும் போர் கேஜாலும் அளக்க வேண்டும். நசுங்கும் மெழுகு நூலால் அளப்பது இரண்டாம் சரிபார்ப்புக்கு உதவும், முதல் அளவீடாகாது.

ரிங் இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. இயல்பாகக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு போர் (சிலிண்டர்த் துளை) விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.0045 அங்குலம் என்றால், 4 அங்குல போருக்கு 0.018 அங்குலம் (0.46 மி.மீ.). கனமாக நைட்ரஸ் ஏற்றும் எஞ்சினுக்கு அது 0.007 வரை, அதாவது அதே போருக்கு 0.028 அங்குலம் (0.71 மி.மீ.) ஆகலாம். இடைவெளி சற்றுக் கூடினால் இழப்பது கொஞ்சம் விசை. குறைந்தால் இழப்பது பிஸ்டன். ரிங்கைச் சிலிண்டருக்குள் பழைய பிஸ்டனால் நேராகத் தள்ளி வைத்தே அளக்க வேண்டும்.

பிஸ்டன் உச்சியில் ஹெட்டிலிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம் எஃகு ராடுக்கு ஏறத்தாழ 0.040 அங்குலம் (1 மி.மீ.). அலுமினிய ராடு சூட்டிலும் இழுப்பிலும் அதிகம் நீள்வதால் ஏறத்தாழ 0.060 அங்குலம் (1.5 மி.மீ.) விடப்படும். ராடு வகையை மாற்றிக் கட்டுபவர்கள் இதை மறந்து பழைய தடிப்பிலேயே கேஸ்கெட் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் மோதலாம். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலம் குறைந்தபட்சமாகக் கொள்ளப்படுகிறது. இலேசான சோதனை ஸ்பிரிங்கைப் போட்டு, உச்சியைச் சுற்றிய 10, 15 டிகிரிகளில், எக்ஸாஸ்டை உச்சிக்கு முன்னும் இன்டேக்கை உச்சிக்குப் பின்னும் டயல் கேஜால் பார்க்க வேண்டும். பிளாக்கையோ ஹெட்டையோ சீவியிருந்தால் பழைய அளவு செல்லாது. கேமை டிகிரி சக்கரம் வைத்துப் பொருத்துங்கள். செயினின் புள்ளிகள் நேராக இருப்பது மட்டும் போதுமான சான்றல்ல.

ஹெட் ஸ்டட்டுகளைப் பிளாக்கில் விரலால் மட்டும் திருகி நிறுத்தி, நட்டுக்கும் வாஷருக்கும் போல்ட் செய்தவர் சொன்ன அதே உயவுப் பசையைத் தடவி, மூன்று நிலைகளில் இறுக்க வேண்டும். பசை மாறினால் அதே டார்க் (முறுக்குவிசை) எண்ணில் இறுக்கம் மாறிவிடும். ராடு போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்சைவிட நீட்சி அளக்கும் கேஜ் நம்பகமானது. இறுக்குவதற்கு முன் இருந்த நீளத்தை இம்முறையாவது எழுதி வையுங்கள்.

மீண்டும் ஓடவிடுதல்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிரில் கொண்டு ஆயில் பம்பைச் சுழற்றி, ஒருவர் கிராங்கை மெல்லத் திருப்ப, 16 ராக்கர்களிலும் ஆயில் வந்ததைக் கண்ணால் காண வேண்டும். ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். உருளை இல்லாத தட்டை டேப்பெட் (லிஃப்டர்) கொண்ட கேம் ஆனால் முதல் 20 நிமிடம் 2000 முதல் 2500 சுற்றில் வைத்திருக்க வேண்டும். ரோலர் கேமுக்கு அது தேவையில்லை. சூடேறி ஆறியபின் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, லீக்-டவுன் அளவுகளைப் புது எஞ்சினின் அடிப்படைக் கணக்காக எழுதி, ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். முதல் ஃபில்டரில் ஹோனிங்கின் சிறு தூள் கொஞ்சம் இருக்கலாம், செதில் இருக்கக் கூடாது.

ஓடுதளத்தில் முதல் ஓட்டத்தை முழுதாக ஓட வேண்டாம். டைமிங்கை இரண்டு டிகிரி பின்தள்ளி, எரிபொருளைச் சற்றுக் கூட்டி, சுற்று வரம்பை 500 குறைத்து, பாதித் தூரம், அதாவது 201 மீட்டரில் விட்டுவிடுங்கள். பிளக்குகளைப் பார்த்து, பதிவைப் பழைய பதிவின்மேல் வைத்து ஒப்பிட்டு, முன்பு தவறு தொடங்கிய அதே கணத்தில் இப்போது ஆயில் அழுத்தமும் எரிபொருள் அழுத்தமும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது அழுத்தக் கோடு இன்னும் பள்ளம் விழுந்தால், சம்பின் தடுப்புத் தகடுகளைச் சரிசெய்யும்வரை அடுத்த ஓட்டம் கிடையாது. கோடுகள் நேராக இருந்தால் மறு ஓட்டத்தை முழுத் தூரம் ஓடி, ஃபில்டரை இன்னொருமுறை வெட்டி, மெத்தனால் எஞ்சினானால் அன்றே ஆயிலை மாற்றி, எரிபொருள் வழியைக் கழுவி வையுங்கள். அதன்பின் டைமிங்கில் எடுத்த இரண்டு டிகிரியை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம்.